யார் காலை யார் கழுவுவது? போனக்காட்டு லயத்திலிருந்து ஒரு குறிப்பு

(கள ஆய்வுக் குறிப்பேட்டிலிருந்து விரித்து எழுதியது. சற்று நீளமான பதிவு. மொழியியலும் சமூக வரலாறும் பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

'ஃபுட்பாத்' என்று தமிழில் எழுதினால் இரண்டு பொருள் கொள்ளலாம். ஒன்று, சாலையோர நடைபாதை. மற்றொன்று, கால்களை வெந்நீரில் ஊறவைக்கும் தொட்டி. ஆங்கிலத்தில் இவ்விரு சொற்களையும் பிரிப்பது ஒரேயொரு மெய்யொலியின் ஒலிப்புடைமைதான். வல்லினத்தில் ஒலிப்புடை ஒலிக்கும் ஒலிப்பிலா ஒலிக்கும் ஓரெழுத்தையே வழங்கும் நம் எழுத்துமுறையில் அந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. நடந்து தேயும் இடமும், நடந்து தேய்ந்த கால் இளைப்பாறும் இடமும் ஒரே சொல்லாகிவிடுகின்றன.

இந்தச் சொல் என் குறிப்பேட்டில் ஏறியது போனக்காட்டில். தோட்டத் தமிழரின் இருமொழியப் பயன்பாடு குறித்த தரவுக்காக அங்குள்ள லயம் ஒன்றில் ஒரு மூதாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். நாற்பதாண்டுக் காலம் கொழுந்து எடுத்தவர். அவருடைய பேத்தி நெடுமங்காட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். கைபேசியில் மின்சாரக் கால்குளியல் கருவி ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு, அதன் விலை சில ஆயிரம் என்பதால் அதை விட்டுவிட்டு, விதுராவில் 120 ரூபாய்க்கு ஓர் அகன்ற பிளாஸ்டிக் தொட்டி வாங்கி வந்திருந்தாள். வெதுவெதுப்பான நீர், சிறிது ஷாம்பு, குதிகால் தேய்க்க ஒரு நுரைக்கல், கடைசியில் தடவத் தேங்காய் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமைகளில் அழகு நிலையத்துக்குப் போகாமல் வீட்டிலேயே முடிகிற 'பெடிக்யூர்'. தன் கால்களைக் கழுவி முடித்தபின், "ஆச்சி, நீங்களும் காலை நீட்டுங்க" என்றாள். மூதாட்டி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

"கால்ல தண்ணி ஊத்தி விடுறது சாமிக்கும் மாப்பிள்ளைக்கும் செய்யுறது மக்களே. கொழுந்து எடுத்தவளுக்கு எதுக்கு?"

என் ஆய்வுக்கு வேண்டியவை அந்த வாக்கியத்தின் வினைவடிவங்கள்தாம். ஆயினும் ஊர் திரும்பிய பின்னும் என்னைத் தொடர்ந்தது அதன் பொருளே. ஒருவர் காலை மற்றவர் கழுவுவது நம் மரபில் தூய்மைச் செயலாக மட்டும் இருந்ததில்லை. யார் உயர்ந்தவர், யார் பணிபவர் என்பதை அறிவிக்கும் செயலாகவும் அது இருந்து வந்திருக்கிறது. அந்த வரிசையில் உழைப்பவளின் காலுக்கு இடமே இருந்ததில்லை. இந்த 120 ரூபாய்த் தொட்டியின் வரலாற்றுப் பொருள் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறினால் பேருந்துத் தடம் முடிகிற இடம் போனக்காடு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்கு மலையேற்றம் தொடங்குவதும் இங்கிருந்துதான். தமிழுக்கு முதல் இலக்கணம் செய்தவர் என்று தொன்மம் கூறும் முனிவரின் மலையடிவாரத்தில், தேயிலைக்காகக் கொண்டுவரப்பட்ட தமிழரின் வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். ஊர்ப் பெயரின் ஈற்றிலுள்ள 'காடு' நம்முடையதுபோல் தோன்றினாலும் அது பின்னர் வந்து பொருந்தியது. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இட்ட 'பான் அக்கார்டு' என்ற பெயரே இங்குள்ளோர் நாவில் போனக்காடாயிற்று. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரம் தன் முத்திரை மொழியாகக் கொண்டுள்ள அந்தப் பிரெஞ்சுத் தொடருக்கு 'நல்லிணக்கம்' என்று பொருள். மொழியியலில் இதனை நாட்டார் சொற்பிறப்பு என்போம்: அறியாத ஒலித்தொடரை அறிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது. ஆங்கிலத்தின் 'லைன்' இங்கு 'லயம்' ஆனதும் இவ்வாறே. இன்று தேயிலைத் தொழிற்சாலை பல ஆண்டுகளாக மூடிக்கிடக்கிறது. லயங்கள் சிதைந்து வருகின்றன. மலையேற்றக் காலத்தில் வனத்துறை அனுமதிச் சீட்டுடன் வருவோர் கனத்த காலணியும் அட்டை ஏறாத நீள் காலுறையும் அணிந்து, இந்த லயங்களைக் கடந்து மேலே செல்கின்றனர். அதே அட்டைகளை உப்பும் புகையிலையும் தேய்த்த வெறுங்காலால் எதிர்கொண்டவர்கள் திண்ணையிலிருந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

இனி மொழிக்கு வருவோம். தமிழில் 'அடி' என்பது பாதம். செய்யுளின் வரியும் அடி, மரத்தின் தூரும் அடி, அளவும் அடி. இத்தனை அடிப்படையான சொல்லிலிருந்துதான் 'அடிமை' என்ற சொல்லும் பிறந்தது. மற்றவர் அடிக்கீழ் இருக்கும் தன்மை அது. 'அடியேன்', 'அடியார்' என்னும் சொற்கள் பக்தி மரபில் பெருமைக்குரியவை. இறைவன் முன் தன்னைத் தாழ்த்திக்கொள்வோர் விரும்பி ஏற்றவை. மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடந்தால் இதே சொல் வேறு முகம் காட்டுகிறது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதியார் முன் 'நான்' என்று சொல்ல இயலாது; 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய நூல்களில் இம்மொழி வழக்கைப் பதிவு செய்திருக்கிறார். தம் உறுப்புகளையும் உணவையும் வீட்டையும்கூட இழித்துரைக்கும் சொற்களாலேயே அவர்கள் குறிக்க வேண்டியிருந்தது. ஆக, பக்தனுக்குத் தன்மைப் பணிவாக இருந்த ஒரு சொல், உழவடிமைக்குச் சட்டமாக இருந்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல் அரச ஆணையால் ஒழிக்கப்பட்டது. தன்மைப் பெயரை ஒழிக்க எந்த ஆணையும் பிறக்கவில்லை.

சொல்லில் இருந்த அந்த ஒழுங்கு உடலிலும் இருந்தது. நாடார் (அன்றைய ஆவணங்களில் சாணார்) சமூகத்தினர் குடை பிடிக்கவும் செருப்பு அணியவும் பொன்னகை பூணவும் தடைகள் இருந்தன என்பதையும் மேட்டீர் குறிப்பிடுகிறார். மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தை நாம் ஓரளவு அறிவோம். 1859-ஆம் ஆண்டு அறிவிப்பு அதன் ஒரு கட்டம். அதே தடைப் பட்டியலில் செருப்பும் இருந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. வெறுங்கால் வறுமையின் விளைவு மட்டுமன்று. அது விதிக்கப்பட்ட அடையாளமாகவும் இருந்தது. தலைமுறைகள் கடந்து மலைத்தோட்டத்துக்கு வந்து சேர்ந்த கால்களுக்குப் பின்னால் இந்த வரலாறும் நிற்கிறது.

இலக்கியத்தில் கால் கழுவும் காட்சிகளைத் தேடினால் இரண்டு முதன்மையானவை கிடைக்கின்றன. முதலாவது சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. புகாரிலிருந்து மதுரை வரை நடந்து வந்த கோவலனும் கண்ணகியும் ஆயர் சேரியில் மாதரியின் அடைக்கலத்தில் தங்குகின்றனர். கண்ணகி சமைத்து முடித்து, கோவலனைத் தடுக்கில் இருத்தி, அவன் அடிகளை நீரால் கழுவுகிறாள். அந்நீரை ஏந்தியது மண்டை என்னும் வாயகன்ற மண்கலம். தமிழ் இலக்கியத்தில் நாம் காணும் கால்குளியல் தொட்டி என்று அதனைத் துணிந்து சொல்லலாம். விலையிலும் அது எளியதே. பின்னர் அவன் உண்கிறான். அதுவே அவன் கடைசி உணவு. இதனைக் கற்பின் மாண்பாகவே உரைமரபு வாசித்து வந்திருக்கிறது. நான் வாசிக்கும்போது ஒரு வினா எழுகிறது: இருவருமே நடந்தனர், வழிநடையில் மெல்லிய பாதங்கள் வருந்தியதாகக் காப்பியம் இரங்குவது கண்ணகிக்காகவே. ஆயர் மகளிர் அவளை நீராட்டியதும் உண்டு. ஆனால் மண்டையில் ஏந்தி வணங்கப்பட்ட நீர் கோவலனுடையது. நடந்த வருத்தம் ஒருவருக்கும், கால் கழுவும் மரியாதை மற்றவருக்கும் ஆயிற்று. போனக்காட்டு ஆச்சி 'மாப்பிள்ளை' என்று சொன்னது இந்த நெடிய மரபின் சுருக்கமே.

இரண்டாவது காட்சி பெரியபுராணத்தில் வருகிறது. பெண்ணாகடத்துக் கலிக்கம்ப நாயனார் சிவனடியார்களின் கால்களைக் கழுவி அமுது படைக்கும் வழக்கமுடையவர். மனைவி கரகத்திலிருந்து நீர் வார்ப்பார். ஒருநாள் வந்த அடியார்களில் ஒருவன் முன்பு அவ்வீட்டில் ஏவல் செய்து, பின் விலகிச் சென்றவன். அவன் காலுக்கு நீர் வார்க்க மனைவி தயங்கினார். நாயனார் அவர் கையைத் துணித்துவிட்டு, தாமே கரகத்தை எடுத்து அந்தக் காலைக் கழுவினார். இக்கதையைச் சாதி, வர்க்க வேறுபாட்டைக் கடந்த சமத்துவமாகவும் வாசிக்கலாம். பெண்ணுடல் மீதான வன்முறையாகவும் வாசிக்கலாம். இரண்டு வாசிப்பும் மெய்யானவை. இவ்விரண்டுக்கும் இடையே எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: ஏவலாளின் காலைக் கழுவுவது, கையை வெட்டும் அளவுக்குப் பெரிய நிகழ்வாக இருந்தால்தான் கதையாகும் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சமூகம் கருதியிருக்கிறது. அவனும் ஏவலாளாக இருந்தபோது கழுவப்படவில்லை. அடியாராக வேடம் பூண்டு வந்த பின்னரே கழுவப்பட்டான்.

இலக்கணமும் இவ்விடத்தில் ஒன்று சொல்கிறது. நன்னூல் கூறும் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்று இடக்கரடக்கல். அதற்குப் பள்ளிப் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டு 'கால் கழுவி வந்தேன்' என்பது. மலங்கழித்தபின் தூய்மை செய்துகொண்டதைச் சொல்லக் கூசி, காலைச் சொல்கிறோம். பிறர் கழுவும்போது கால் வழிபாட்டுக்குரியதாகிறது. தானே கழுவும்போது கூச்சத்துக்குரிய ஒன்றுக்குத் திரையாகிறது. தன் காலைத் தானே பேணுவதற்கென்று மதிப்பான ஒரு தனிச்சொல்லை நம் வழக்கு உருவாக்கவில்லை. 'பெடிக்யூர்' என்ற பிரெஞ்சுவழிச் சொல் எளிதில் உள்ளே வந்ததற்கு நாகரிக மோகம் மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. அங்கே ஒரு வெற்றிடமும் இருந்தது.

சடங்குகளில் இவ்வதிகாரம் இன்றும் பேசப்படும் பொருளே. பெரிய வியாழனன்று குருவானவர் பன்னிருவரின் பாதங்களைக் கழுவும் கத்தோலிக்கச் சடங்கு, தலைவன் பணியாளனாகும் தலைகீழாக்கத்தைக் காட்டுவது. அந்தப் பன்னிருவருள் பெண்களும் இடம்பெறலாம் என்று வத்திக்கான் முறைப்படி அறிவித்தது 2016-இல்தான். கேரளத்தில் சில கோயில்களில் 'கால்கழுகிச்சூட்டு' என்ற பெயரில் பன்னிரு பிராமணர்க்குக் கால் கழுவி உணவிடும் வழிபாடு உண்டு. 2022-இல் திருப்பூணித்துறைக் கோயில் குறித்து இத்தகைய செய்தி வெளியானபோது கேரள உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது. பக்தர்கள் கழுவுவதில்லை, தந்திரியே பன்னிரு பூசகர்களின் கால்களைக் கழுவுகிறார் என்று கோயில் நிர்வாகத் தரப்பில் விளக்கப்பட்டது. யார் காலை யார் கழுவுகிறார் என்ற வினா நீதிமன்றம் வரை செல்லத்தக்கதாக இருக்கிறது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இத்தகைய கவனம் எதுவும் தோட்டத் தொழிலாளியின் காலுக்குக் கிடைத்ததா? கிடைத்தது, ஆனால் அதன் நோக்கம் வேறு. 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளரின் கைமேல் கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் கலந்த நீர் தவறிச் சிந்தியது. தோலில் அரிப்பு எடுத்தது. பின்னர் அவர் குடலிலேயே அப்புழு காணப்பட்டது. புழு வாய்வழியாக மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் நுழையும் என்பது இவ்வாறு தெரியவந்தது. மனித மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் விரலிடுக்குகளே அதன் வாயில். உள்ளே சென்ற புழு குடலில் தங்கி நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சும். சோகை பிடித்த உடல் உழைக்க இயலாது சோரும். சோம்பல் என்று கண்காணிகள் ஏசிய நிலைக்குப் பின்னால் ஒரு புழு இருந்தது.

ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் கொக்கிப்புழு ஒழிப்புப் பணி 1916-இல் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கியது. அங்கு அவர்கள் பரிசோதித்தோரில் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர். 1920-களின் இறுதியில் அந்நிறுவனத்தின் மருத்துவர் ஜேக்கக்ஸ் திருவிதாங்கூருக்கும் வந்து ஆய்வு மேற்கொண்டார். பொதுநல வரலாற்றில் இப்பணிகளின் பயன் மறுக்க முடியாதது. ஆயினும் காலின்மீது விழுந்த அந்தப் பார்வை, உழைப்பின் அளவு குறைவதைக் கண்ட பார்வை. மருந்து கொடுக்கப்பட்டது, கழிப்பிடம் வலியுறுத்தப்பட்டது. காலணி தொழிலாளியின் சொந்தச் செலவாகவே இருந்தது.

விடுதலைக்குப் பின் வந்த 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், குழந்தைகள் காப்பகம், குடியிருப்பு எனப் பல நல்ல விதிகள் அதில் இருந்தன. அதன் 17-ஆம் பிரிவு மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்கும் பொருள்களைப் பேசியது. குடை, கம்பளி, மழையங்கி ஆகிய மூன்றும் பெயர் சொல்லப்பட்டன. 'இவை போன்ற பிற' என்றும் ஒரு தொடர் இருந்தது. காலணிக்குப் பெயர் இருக்கவில்லை. ஒரு காலத்தில் குடையும் செருப்பும் ஒருங்கே மறுக்கப்பட்ட நிலத்தில், குடை சட்டத்தில் ஏறிவிட்டது. செருப்பு 'பிற'வற்றுள் தங்கிவிட்டது. சட்டத்தின் பார்வை தலையிலிருந்து இறங்கி முழங்காலோடு நின்றுவிட்டதுபோலும்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்கலாம். குதிகால் பிளவைத் தமிழில் 'பித்தவெடிப்பு' என்கிறோம். காரணம் உடலுக்குள் மிகுந்த பித்தம் என்று அச்சொல் தீர்ப்புக் கூறிவிடுகிறது. ஆனால் வெடிப்பு நிகழும் முறை பெரும்பாலும் எளியது. நெடுநேரம் நிற்கும்போது உடலெடையால் குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் பரவுகிறது. அதன்மேல் தடித்து உலர்ந்துபோன தோல் நெகிழ்ந்து கொடுக்க இயலாமல் பிளக்கிறது. காலணியின்மை, ஈரமும் வறட்சியும் மாறி மாறித் தாக்குதல், ஓயாத நிற்றல் ஆகியவை அதனை மிகுவிக்கின்றன. போனக்காட்டில் இதற்கு மலையாளத்தின் 'விண்டுகீறல்' என்ற சொல்லும் வழங்குகிறது. விண்டு கீறியது, அவ்வளவே, யார்மேலும் பழியில்லை. இருமொழியம் பேசும் அந்த மூதாட்டி தம் காலைப் பற்றிச் சொல்லும்போது 'பித்தம்' என்றார். தொழிற்சாலைத் தளத்தின் பிளவைச் சொல்லும்போது 'விண்டுபோச்சு' என்றார். வேலையால் வந்த பிளவை உடலின் குற்றமாகவும், கட்டடத்தின் பிளவை வெறும் பிளவாகவும் அவர் பிரித்துச் சொன்னதை என் தரவுத் தாளில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். அந்த வெடிப்புக்கு அவருடைய தலைமுறைப் பெண்கள் செய்த 'பெடிக்யூர்' துவைகல்லில் நடந்தது: துணி துவைத்து முடித்ததும் அதே கல்லில் குதிகாலைத் தேய்ப்பது. மிஞ்சிய சோப்பு நுரையே அவர்களுடைய ஊறல் நீர்.

அப்படியானால் இந்த எளிய தொட்டி எங்கிருந்து வந்தது? அழகு நிலையத்திலிருந்து என்று எண்ணுவோம். நம் மண்ணில் அதற்கு இன்னொரு தாய்வழியும் உண்டு, அது மருத்துவமனை. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் நோயால் தாமே அழுகி விழுகின்றன என்ற நம்பிக்கையை அவருடைய ஆய்வு மாற்றியது. நரம்பு பழுதாகி வலியுணர்வு போய்விடுகிறது. வலியில்லாததால் முள்ளும் கொப்புளமும் தெரிவதில்லை. கவனியாத காயமே உறுப்பை அழிக்கிறது. ஆகவே காக்க வேண்டியது பாதத்தை. அதற்கு வேண்டியது வலியின் இடத்தில் கண்களை வைப்பது. நாள்தோறும் பாதங்களைப் பார்த்தல், உலர்ந்த தோலை நீரில் ஊறவைத்தல், தடித்த பகுதியை மென்மையாகத் தேய்த்தல், ஈரம் போகுமுன் எண்ணெய் தடவுதல் என்ற முறை தொழுநோய்த் தற்காப்பின் பாடமாயிற்று. வேலூரிலும் அருகிலுள்ள காரிகிரியிலும் மென்ரப்பர் செருப்புகள் வடிவமைக்கப்பட்டன. அந்த அறிவு பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்கு அவருடன் சென்று, நீரிழிவுப் பாத மருத்துவத்துக்கும் அடித்தளமாயிற்று.

கேரளத்துக்கும் இதில் பங்குண்டு. சேர்த்தலை வட்டாரம் யானைக்கால் நோய்க்குப் பெயர்பெற்றிருந்த பகுதி. வீங்கிய காலில் அடிக்கடி காய்ச்சலோடு வரும் தாக்குதலுக்கு, விரலிடுக்குப் புண்கள் வழியாக நுழையும் பாக்டீரியாவே முதன்மைக் காரணம். நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி, இடுக்குகளை உலர்த்தி, களிம்பிட்டால் அத்தாக்குதல் குறையும் என்பதை 1990-களில் பிரேசிலிலும் ஆலப்புழை மருத்துவக் கல்லூரியிலும் நடந்த ஆய்வுகள் வலியுறுத்தின. இன்று யானைக்கால் நோயாளர்க்கு அரசு வழங்கும் பெட்டகத்தில் இருப்பவை: ஒரு தொட்டி, ஒரு குவளை, சோப்பு, துண்டு, களிம்பு. ஆச்சியின் வீட்டுத் தொட்டிக்கும் அதற்கும் வடிவில் வேறுபாடு அநேகமாக இல்லை.

எளிமை இங்கே குறையன்று. 2000-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் வாட்சன்வில் நகர அழகு நிலையம் ஒன்றில், நீர் சுழலும் கால்தொட்டியைப் பயன்படுத்திய நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் காலில் ஆறாப் புண்கள் ஏற்பட்டன. தொட்டிகளின் வடிகட்டிகளுக்குப் பின்னால் சேர்ந்த முடியிலும் அழுக்கிலும் மைக்கோபாக்டீரியா வகை நுண்ணுயிர் தழைத்திருந்தது. குழாயும் மோட்டாரும் இல்லாத தொட்டியைச் சோப்பிட்டுக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டால் போதும். நுண்ணுயிர் ஒளிய அதில் மூலையில்லை.

ஆனால் ஒரு பாதுகாப்புக் குறிப்பைச் சொல்லாமல் இப்பதிவை முடிப்பது பொறுப்பாகாது. நீரிழிவு உள்ளவர்கள், பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் கால்களை நீரில் ஊறவைக்கக் கூடாது என்பதே இன்றைய மருத்துவ அறிவுரை. சூடு தெரியாமல் தோல் வெந்துபோகலாம். ஊறிய தோலில் கிருமி எளிதில் நுழையும். அவர்கள் 37 பாகைக்குக் குறைந்த நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றி உலர்த்தி, இடுக்குகளைத் தவிர்த்துப் பாதத்தில் மட்டும் எண்ணெய் தடவலாம். வெடிப்பைப் பிளேடால் சீவுவது யாருக்கும் ஆகாது. பிறர் பத்து, பதினைந்து நிமிடம் ஊறவைப்பது போதும். அதற்கு மேல் போனால் தோல் முன்னிலும் வறளும்.

ஆச்சிக்கும் சர்க்கரை நோய் உண்டு. பேத்திக்கு இந்த அறிவுரை தெரிந்திருந்தது. எனவே ஊறவைக்கவில்லை. முழங்கையை நீரில் விட்டுச் சூடு பார்த்தாள்; பின் காலைப் பிடித்துத் தொட்டிக்குள் வைத்துக் கழுவத் தொடங்கினாள். மூதாட்டி மறுத்தார், கூசினார், பேத்தியின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து ஏதோ குற்றம் செய்துவிட்டவர்போலச் சிரித்தார். துடைத்து முடித்து வலக்காலின் அடியை விளக்கை நோக்கித் திருப்பியபோது, பெருவிரலுக்குக் கீழே அரை அங்குல அளவில் ஒரு புண் இருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டோம். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. வலிக்கவில்லை, அவர் தம் உள்ளங்காலைப் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்றென்றும் நினைவில்லை. மறுநாள் காலை முதல் பேருந்தில் மருத்துவமனைக்குச் சென்றார்கள். புண் ஆறிவிட்டதாகப் பின்னர் தொலைபேசியில் அறிந்தேன்.

கண்ணகி கழுவியது தெய்வமாகக் கொண்ட கணவனின் அடியை. கலிக்கம்பர் கழுவியது அடியாரின் அடியை. புழுவைத் தேடியவர்கள் பார்த்தது உழைப்பின் அடியை. பேத்தி பார்த்தது ஆச்சியின் காலை மட்டுமே. புண்ணைக் கண்டதும் அதனால்தான். அழகுச் சாதனம் என்று நாம் எளிதில் ஒதுக்கும் ஒரு பிளாஸ்டிக் தொட்டியைச் சமூக வரலாற்றின் ஆவணமாகக் கருத இது போதிய காரணம் என்று எண்ணுகிறேன்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பித்தவெடிப்பு, சேற்றுப்புண், குதிகால் தேய்த்தல் ஆகியவற்றுக்கு உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களை, குறிப்பாகத் தோட்டப் பகுதிகளிலும் வயல் பகுதிகளிலும் பெண்கள் வழங்கும் சொற்களை, எனக்கு எழுதுங்கள். சொல்பவரின் வயது, ஊர், செய்த வேலை ஆகியவற்றையும் சேர்த்துக் குறித்தால் தரவு பயன்படும். சொல்லைக் கேட்கப் போகும்போது, இயன்றால், அவர்களுடைய உள்ளங்காலையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.